கொல்கத்தாவில் ஓர் இரவு: தங்கலாமா, கடந்து செல்லலாமா?



வேலையின் நிமித்தமும், பிள்ளைகளின் படிப்பின் நிமித்தமும், ஊழியத்தின் நிமித்தமும் நம்மவர்கள் பலர் இன்று வடகிழக்கு மாநிலங்களுக்குப் பிரயாணம் செய்கிறார்கள். சென்னையிலிருந்து குவாஹாத்திக்கோ சிலிகுரிக்கோ ரயிலில் போகிற அநேகருக்குக் கொல்கத்தாவே வாசல். அங்கே வண்டி மாறும்போது ஒரு கேள்வி எழும்புகிறது. அன்றைக்கே அடுத்த வண்டியைப் பிடிப்பதா, ஓர் இரவு தங்கி மறுநாள் புறப்படுவதா? மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் பயணச்சீட்டு வாங்குகிற குடும்பத்துக்கு அறை வாடகையும் இரண்டு வேளைச் சாப்பாடும் சிறிய செலவல்ல. கூடவே களைத்த பிள்ளைகளும் முதிர்ந்த பெற்றோரும் இருந்தால், இதை நிதானித்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது, வண்டிகளைக் கவனியுங்கள்

1977-ல் ஓடத் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஏறக்குறைய 1,660 கிலோமீட்டரை ஒரு பகலும் ஓர் இரவும் ஓடிக் கடக்கிறது. காலையில் சென்னையை விட்டால் மறுநாள் மதியத்துக்கு முன் சேர வேண்டும். 2022 முதல் இது ஹவுராவுக்குப் போவதில்லை. ஷாலிமார் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. குவாஹாத்திக்குச் செல்லும் சராய்காட் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் ஹவுராவிலிருந்தும், சிலிகுரிப் பக்கம் செல்லும் டார்ஜிலிங் மெயில் இரவில் சியால்தாவிலிருந்தும் புறப்படுகின்றன. ஆக ஒரே பயணத்துக்கு மூன்று நிலையங்கள். ஷாலிமாரும் ஹவுராவும் ஆற்றுக்கு இக்கரையிலும், சியால்தா அக்கரையிலும் இருக்கின்றன.

அட்டவணையைப் பார்த்தால் எல்லாம் ஒரே நாளில் கூடிவரும். ஆனால் வண்டி நான்கு மணி நேரம் தாமதித்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு பயணச்சீட்டுகளின் பி.என்.ஆர். எண்களையும் இணைத்துக்கொள்ளும் வசதியை ரயில்வே 2019-ல் ஏற்படுத்தியது. அப்படி இணைத்திருந்தால், முதல் வண்டியின் தாமதத்தால் தவறவிட்ட இரண்டாம் வண்டியின் கட்டணத்தை விதிகளின்படி திரும்பப் பெறலாம். பணம் திரும்பும், படுக்கை திரும்பாது. விடுமுறைக் காலத்தில் மறுநாள் வண்டியில் நான்கு பேருக்கு இடம் கிடைப்பது எளிதல்ல. எனவே இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், ஓர் இரவு தங்கும்படி சீட்டு எடுப்பதே பாதுகாப்பு. அந்த வாடகையைப் பயணத்தின் காப்பீடாக எண்ணிக்கொள்ளுங்கள்.

யார் தங்க வேண்டியதில்லை?

காலையில் வந்து சேர்ந்து, இரவில் டார்ஜிலிங் மெயில் ஏறுகிறவர்களுக்கு அறை அவசியமில்லை. பூட்டிய பெட்டிகளை நிலையத்தின் பொருள் காப்பறையில் ஒப்படைத்துவிட்டு, பகலைப் பயன்படுத்தலாம். நள்ளிரவில் இறங்கி அதிகாலையில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களும் விடுதிக்குப் போய்வருவதில் தூக்கத்தை இழப்பார்களேயன்றிப் பெறமாட்டார்கள். அவர்களுக்கு நிலையத்தின் ஓய்வறையே போதும். நோயாளியை அழைத்துச் செல்கிறவர்கள் வண்டி மாறுவதையே தவிர்க்கப் பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகார் வரை 4,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, சேலம், காட்பாடி வழியாகவே செல்கிறது.

தங்குகிறவர்கள் அறிய வேண்டியவை

கொல்கத்தா சென்னைக்கு எட்டு பாகை கிழக்கே இருக்கிறது. அதனால் சூரியன் அங்கே அரை மணி நேரம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் காலை ஐந்து மணிக்கு முன்பே நன்றாக விடிந்துவிடும். ஆகையால் ஊர் பார்ப்பதை மாலைக்கு வைக்காமல் காலைக்கு வையுங்கள். திங்கட்கிழமையில் விக்டோரியா நினைவகமும் இந்திய அருங்காட்சியகமும் மூடியிருக்கும். மழைக்காலத்தில் சாலைகளில் நீர் தேங்கும். துர்கா பூஜை நாட்களில் கூட்டத்தினால் அறையும் வண்டியும் அரிதாகும்.

ஆற்றைக் கடப்பதற்கு இப்போது நல்ல வழி உண்டு. 2024 மார்ச்சில் ஹூக்ளி நதியின் அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் முதல் ஹவுராவிலிருந்து அதே வண்டியில் சியால்தாவுக்கே போகலாம். நெரிசலில் டாக்சிக்குள் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக் கலங்கிய காலம் போயிற்று. நேரம் இருக்கிறவர்கள் படகுத்துறையில் சீட்டு வாங்கி, நீர்வழியாகக் கடந்து, 1943-ல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நடுவே தூணே இல்லாமல் 457 மீட்டர் பாய்ந்து நிற்கும் அந்த இரும்பை அவர்கள் மறக்கமாட்டார்கள். இட்லியும் சாம்பாரும் தேடுகிறவர்களுக்கு, காளிகாட் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் லேக் மார்க்கெட் பகுதி இருக்கிறது. தென்னிந்தியர் தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம் அது.

நம்முடைய மண்ணின் சுவடுகள்

டல்ஹவுசி சதுக்கத்துக்கு அருகே, புனித யோவான் ஆலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை உண்டு. அதன் மேலிருக்கும் கல், சென்னையின் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டதும் இந்தக் கல்லறையை வைத்தே. அங்கிருந்து சற்று தூரத்தில் 1770-ல் கட்டி முடிக்கப்பட்ட பழைய மிஷன் ஆலயம் நிற்கிறது. அதைக் கட்டிய கீர்நாண்டர், 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்தவர். 1758-ல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபின் வங்காளத்துக்கு வந்தவர்.

ஆயினும் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் உண்டென்றால், செராம்பூருக்குப் போங்கள். ஹவுராவிலிருந்து 20 கிலோமீட்டர்; புறநகர் வண்டியில் முக்கால் மணி நேரத்துக்குள் சேரலாம். கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளுக்கு இடம் மறுத்த நாட்களில், 1800 ஜனவரியில் வில்லியம் கேரி டேனிஷ் கொடியின்கீழ் இருந்த இவ்வூரில் தஞ்சம் புகுந்தார். 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு இங்கே வெளிவந்தது. 1812-ல் அச்சகம் தீக்கிரையாகி, எழுத்துருக்களும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன; அவர்களோ வேலையை மீண்டும் தொடங்கினார்கள். 1818-ல் தோன்றிய கல்லூரி ஆற்றங்கரையில் இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டின் இறையியல் கல்லூரிகள் பலவற்றின் பட்டங்கள் செராம்பூரின் பெயரால் வழங்கப்படுவது இதனால்தான். கேரியும் மார்ஷ்மனும் வார்டும் அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் இளைப்பாறுகிறார்கள்.

இவ்வூருக்கு ஒரு சகோதர ஊர் நம்மிடம் உண்டு என்பதைக் கவனித்தீர்களா? சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட தரங்கம்பாடியும் டேனியரின் கையில் இருந்ததே. 1845-ல் இரண்டு ஊர்களும் சேர்ந்தே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

முடிவாக

வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் தங்காதிருங்கள். செலவுக்குப் பயந்து குடும்பத்தை வதைத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். உங்களில் அதிகமாய்க் களைத்திருப்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது வாய்விட்டுச் சொல்லாத தாயாராகவோ மனைவியாகவோ இருக்கும். அவர் இன்னும் ஓர் இரவு ரயிலில் உட்கார்ந்து வர முடியுமா என்பதே முதல் கணக்கு. முடியாது என்றால், நிலையத்துக்கு அருகே நல்ல அறையை முன்னதாகவே பதிவு செய்யுங்கள். எல்லாருடைய அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். நிலையத்தில் கையைப் பிடித்திழுக்கும் தரகர்களுக்குச் செவிகொடாதிருங்கள். இரவில் சீக்கிரம் உறங்கி, விடியற்காலையில் செராம்பூர் வண்டி ஏறுங்கள். பிற்பகல் வண்டிக்கு முன் திரும்பிவிடலாம். செலவழித்த ஓர் இரவுக்கு அந்தக் காலை ஈடுசெய்யும்.