ஒய்யா... என்னா?

எங்கள் வீட்டில் இங்கிலீஷில் எது வந்தாலும் படிக்கிற ஆள் நான்தான். கரண்ட் பில், பேங்க் மெசேஜ், பக்கத்து வீட்டுப் பாட்டியின் மருந்துச் சீட்டு வரைக்கும்! "எம்மவன் படிச்சுச் சொல்லுவான்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட நான், கம்ப்யூட்டர் கேட்ட ஒரு கேள்வியைப் படிக்காமலே பதில் சொன்ன கதை இது.

எங்கள் லேபில் முப்பது சிஸ்டத்துக்கும் இன்டர்நெட் ஒரே ஒரு டெபியன் லினக்ஸ் மெஷின் வழியாகத்தான் வரும். அதில் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி ஓடுகிறது. டெபியன் 11-லிருந்து, 2023-ல் வந்த 12-க்கு அதை மாற்றும் வேலையை சார் என்னிடம் கொடுத்தார். "எல்லாரும் போன பிறகு போடு" என்றுதான் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. மதியமே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்ட இடத்திலெல்லாம் ஒய், ஒய் என்று தட்டினேன். நடுவில் நீளமாக ஒரு கேள்வி வந்தது. அதற்கும் ஒய்!

கொஞ்ச நேரத்தில் லேப் முழுக்க 'அனுமதி இல்லை' என்று வந்துவிட்டது. அன்றைக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வேறு. ஜூனியர் தங்கச்சி ஒருத்தி பாதி ஃபார்ம் நிரப்பியிருந்தாள். அவள் வீட்டிலும் அவள்தான் முதலில் படிக்க வந்தவள். "அண்ணா, இன்னிக்கு விட்டா அவ்ளோதானா?" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சார் திட்டவில்லை. "அது என்ன கேட்டுச்சு, சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அது கேட்டது இதுதான்: 'ஸ்க்விட்டின் கான்ஃபிக் ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். பாக்கேஜ் செய்தவர்களும் புதிது அனுப்பியிருக்கிறார்கள். எதை வைக்கட்டும்?' ஒய் என்றால் புதியது. என் என்றால் நம்முடையது. டி என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். சும்மா என்ட்டர் தட்டியிருந்தால்கூட நம்முடையதே தங்கியிருக்கும்! நாம் கை வைக்காத ஃபைலை அது கேட்காமலே மாற்றிவிடும். கேட்கிறது என்றாலே, யாரோ ஏதோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே மாற்றியது முன்பு படித்த சீனியர் அண்ணன்கள். லேபுக்கு அனுமதி கொடுக்கும் நாலே வரி. புதிய ஃபைலோ தன் மெஷினைத் தவிர யாரையும் உள்ளே விடாது.

நல்ல காலம், டிபிகேஜி பழையதைத் தூக்கிப் போடுவதில்லை. பெயருக்குப் பின்னால் 'டிபிகேஜி-ஓல்டு' என்று வால் ஒட்டி அங்கேயே வைத்திருந்தது. (என் தட்டியிருந்தால் புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு கிடந்திருக்கும்.) "பழசையே வச்சிடலாம் சார்" என்றேன். "அப்போ புதுசுல அவங்க திருத்தினது நமக்கு வேணாமா?" என்றார். அந்த நாலு வரியையும் கான்ஃப்.டி ஃபோல்டரில் தனி ஃபைலாக எழுதினோம். ஸ்க்விட் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். பெரிய ஃபைலில் நாம் கை வைக்காததால் அடுத்த தடவை அந்தக் கேள்வியே வராது.

மணி நாலே கால். தங்கச்சி ஃபார்மை முதலிலிருந்து நிரப்பினாள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்தேன். "போதும்ண்ணா, எனக்கும் படிக்கத் தெரியும்" என்றாள்.