மானுக்கு விதைத்த நிலம்

வேட்டைக்கு வில் வேண்டும், வலை வேண்டும், நாய் வேண்டும் என்று படித்தும் பயிற்றுவித்தும் வந்திருக்கிறோம். விதையும் வேண்டும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில்தான் அறிந்தோம். அங்கே தமக்கையின் மகன் வீட்டில் தங்கியிருந்த ஓர் ஆகஸ்டு மாதத்தில், அண்டை வீட்டு முதியவர் தம் காட்டோர நிலத்தைக் காட்டினார். அரை ஏக்கர் இருக்கலாம். மண்ணைச் சோதித்து, சுண்ணாம்பு இட்டு, க்ளோவர் என்னும் தீவனப்பயிரும் டர்னிப்பும் விதைத்திருந்தார். உறைபனி விழுந்தபின் டர்னிப் இலையில் இனிப்பு ஏறுமாம். நவம்பரில் துப்பாக்கி வேட்டைக்காலம் தொடங்கும்போது வெண்வால் மான்கள் அதைத் தேடி வரும். மனித வாடை மானுக்கு எட்டாதவாறு காற்றின் திசை பார்த்து மரத்தில் பரணும் அமைத்திருந்தார்.

பரணைக் கண்டதும் தினைப்புனம் நினைவுக்கு வந்தது (தமிழாசிரியனுக்கு வேறென்ன வரும்?). குறிஞ்சியில் பரண் விளைச்சலைக் காக்க. இங்கோ விளைச்சலே பரணுக்காக. குறவரும் அருளாளர் அல்லர்; தினையுண்ண வரும் பன்றிக்கு அடார் என்னும் கற்பொறி வைத்ததை நற்றிணை சொல்கிறது. ஆயினும் அவர்கள் தினை விதைத்தது தாம் உண்பதற்கு.

மக்காச்சோளத்தைக் கொட்டிவைத்து அங்கு வரும் மானைச் சுடுவது அம்மாநிலத்தில் குற்றம். விதைத்து வளர்ந்த பயிரருகே சுடுவது குற்றமன்று. குவித்த தீனியில் பல மான்கள் வாய்வைத்தால் எச்சில் வழியே நோய் பரவும் என்பது ஒரு காரணம். அண்டை மாநிலமான விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்ட, மானை மெலிவித்துக் கொல்லும் நோய்க்கு இன்றும் மருந்தில்லை. காரணம் நியாயமானதே. ஆனால் கொட்டினால் வஞ்சம், விதைத்தால் வேளாண்மை என்னும் பாகுபாட்டை மான் அறியுமா? வேளாண்மை என்பதற்கு விருந்தோம்பல் என்றும் பொருளுண்டு என ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். அன்று அச்சொல் முள்ளாய்க் குத்தியது.

வேட்டை சில நாட்களே, மற்ற மாதங்களில் பிணையும் மறியும் அச்சமின்றி மேய்கின்றன என்றார் முதியவர். உண்மைதான். அந்த அச்சமின்மையைத்தானே அவர் பயிரிட்டிருக்கிறார்!

வீடு திரும்பும் வழியில் இதைச் சொன்னோம். "நீங்க கோழி சாப்பிடுறீங்களே மாமா, அதுக்கும் தீனி போட்டுத்தானே வளர்க்கிறாங்க?" என்றான் மருமகன். கோழிக்குத் தப்பியோடக் காடில்லை, மானுக்கு உண்டு என்றோம். அவன் சிரித்தான். முதியவர் கொடுத்திருந்த முந்தைய ஆண்டின் மானிறைச்சியை அன்றிரவு மிளகிட்டுச் சமைத்தான். பிள்ளைகள் விரும்பி உண்டனர். நாம் ரசத்தோடு நிறுத்திக்கொண்டோம்.