பெசான்னா நம்ம பைசாதான்

மொபைல்ல பணம் அனுப்பற பழக்கம் ஏன் பரவுதுன்னு கேட்டா, எல்லாரும் உடனே வசதி, வேகம்னு ஆரம்பிச்சுடறாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லை. கென்யாவைப் பாருங்க.

2007 மார்ச்ல சஃபாரிகாம் கம்பெனி எம்-பெசாவைக் கொண்டு வந்துச்சு. (பெசான்னா சுவாஹிலியில பணம். நம்ம பைசாவோட சொந்தக்காரச் சொல்தான்!) 2005ல நடந்த சோதனை, சிறுகடன் வாங்கினவங்க தவணை கட்டறதுக்காக. ஆனா மக்கள் அதை வெச்சு தங்களுக்குள்ளேயே பணம் அனுப்பிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கம்பெனியும் சுதாரிச்சுக்கிட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பலாம்னே விளம்பரம் பண்ணிச்சு.

விஷயமே அங்கதான் இருக்கு. நைரோபியில வாட்ச்மேன் வேலை, கட்டட வேலை பார்க்கற பலருக்கும் குடும்பம் ஊர்ல. சம்பளத்துல ஒரு பங்கு அங்க போயாகணும். முன்னெல்லாம் பஸ் டிரைவர்கிட்ட கவரைக் குடுத்து விடணும், இல்லேன்னா ஊருக்குப் போற சொந்தக்காரரைத் தேடணும். முழுசா போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கணும். எம்-பெசாவுக்கு சாதா ஃபோனே போதும், பேங்க் அக்கவுண்ட் வேண்டாம். தெருமுனைக் கடையில ரொக்கத்தைக் கட்டிட்டு, ஃபோன்ல அம்மா நம்பரையும் ரகசிய எண்ணையும் அழுத்தினா வேலை முடிஞ்சது. 2007 கடைசியில தேர்தல் கலவரம் வெடிச்சு வழியெல்லாம் அடைபட்டப்போ, பலருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததும் இப்படித்தான்.

சரி, அந்த அம்மா என்ன பண்ணுவாங்க? பக்கத்துக் கடைக்குப் போய் ரொக்கமா வாங்கிக்குவாங்க! ஆக, ஆரம்பத்துல இதை ரொக்கமில்லாப் பரிவர்த்தனைன்னு சொல்றதே கொஞ்சம் தமாஷ்தான். ஆனா எப்ப வேணா நோட்டா மாத்திக்கலாம்ங்கற அந்த தைரியம்தான், ஃபோனுக்குள்ளேயே பணத்தை விட்டு வைக்கவும் பழக்குச்சு. கடையில சாமான் வாங்கிட்டுக் காசு கட்டறதுக்குன்னே 'லிபா நா எம்-பெசா' வந்தது 2013லதான்.