நாலு மூடி, ரெண்டு மூடி, ஒரு மூடி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. செமஸ்டர் முடியுற நேரம், ஆணி அதிகம். இன்னிக்கு ஒரு குறிப்பு போடலாம்னு வந்திருக்கேன். சாம்பார், ரசம் இல்ல. காரமா, புளிப்பா, டெக்கீலா ஊத்திச் செய்யுற மார்கரீட்டா. "நீதான் தொடவே மாட்டியே?"ன்னு தெரிஞ்சவங்க கேப்பீங்க. இப்பவும் தொடுறதில்ல. கலந்தது நான், குடிச்சது ரூம்மேட்.

ரூம்மேட் மெக்சிகோக்காரன், ஊர் குவாதலஹாரா. பேரு வேணாம், அமிகோன்னு வச்சுக்குவோம். அஞ்சு வருஷமா இழுத்த பி.எச்டி., போன வெள்ளிக்கிழமை டிஃபென்ஸ் முடிஞ்சுது. "வெளில எங்கயும் போக வேணாம். வீட்லயே ஒரு மார்கரீட்டா, நல்ல காரமா. நீ கலந்து குடு, மிளகாய் விஷயம் உனக்குத்தான் தெரியும்"னான். ஒரு தமிழனைப் பாத்து இப்படிச் சொன்னா அவன் என்ன பண்ணுவான்? மானப் பிரச்சனை. சரின்னுட்டேன்.

கடையில பாட்டில் எடுக்கும்போதே பாடம் ஆரம்பிச்சுட்டான். டெக்கீலாங்கறது அவங்க ஹாலிஸ்கோ மாநிலத்துல ஒரு ஊர் பேரு. நீல அகாவேன்னு ஒரு செடி, பாக்க நம்ம ரயில் பாதை ஓரத்துக் கற்றாழையோட அண்ணன் மாதிரி இருக்கும். அது முத்துறதுக்கே ஆறேழு வருஷம் ஆகும். ஓலையை எல்லாம் சீவித் தள்ளிட்டு நடுவுல இருக்குற கிழங்கு மாதிரி பாகத்தை வேக வச்சு, பிழிஞ்சு, புளிக்க வச்சு, காய்ச்சி எடுக்குறாங்க. லேபிள்ல 'நூறு சதவீதம் அகாவே'ன்னு போட்டிருக்கணுமாம். போடலைன்னா 51 சதவீதம் அகாவே இருந்தாலே போதும், மிச்சம் வேற சர்க்கரையா இருக்கலாம்னு அவங்க சட்டமே சொல்லுது. "உன் பி.எச்டி.யை விட இந்தச் செடிக்கு ரெண்டு வருஷம்தான் கூட"ன்னேன். முறைச்சான்.

நாங்க இருக்குறது டல்லாஸ். ஐஸ்கிரீம் மெஷினை மாத்திக் கட்டி, 1971ல மார்கரீட்டாவை ஐஸ் கூழா சுத்தி ஊத்துன ஊர். அந்த மெஷின் இப்ப ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போயிடுச்சு. அமிகோவுக்கு அந்தக் கூழ் பிடிக்காது. கையால குலுக்கணும், அவ்ளோதான்.

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு கிளாசுக்கு டெக்கீலா 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 30, அகாவே பாகு 15. வழக்கமா ஊத்துற ஆரஞ்சு மதுவை விட்டுட்டு, அகாவே பாகு ஊத்துறது சான் ஃபிரான்சிஸ்கோவுல டாமீஸ்னு ஒரு உணவகத்துல பிரபலமான முறை. எங்க வீட்ல அளக்குற கப்பு ஏது? இருமல் மருந்து மூடிதான், 15 மில்லி கோடு போட்டது. ஆக நாலு மூடி, ரெண்டு மூடி, ஒரு மூடி. குலுக்குறதுக்கு ஊறுகாய் பாட்டில் (கழுவிட்டேன், நம்புங்க). மிளகாய் நசுக்க, இஞ்சி தட்டுற குட்டி உரல்.

இப்பதான் நம்ம வீரம். ஹாலபீனோ ரெண்டு வில்லை போதும்னான் அமிகோ. நான் கேக்கல. அதுல குடமிளகாய் வாசனைதான் வருது, காரமா அது? அதை விடக் காரமான செர்ரானோ மூணை எடுத்து, உள்ள இருக்குற வெள்ளைச் சவ்வோட நசுக்கி, சாறும் பாகும் ஊத்தி ஒரு ஸ்பூன் நக்கிப் பாத்தேன். சுர்ருன்னு இருந்துச்சு, அவ்ளோதான். சாம்பார்ல ஆறு மிளகாய் கீறிப் போடுற கைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? டெக்கீலாவை ஊத்தி அரை மணி நேரம் அப்படியே ஊற விட்டேன்.

அமிகோ ஒரு வாய் குடிச்சான். காது வரைக்கும் செவந்து போச்சு. பேச்சு வரல. தண்ணியைக் குடிச்சான், இன்னும் மோசம். கடைசில ஃப்ரிட்ஜைத் திறந்து பாலை அப்படியே கவுத்துக்கிட்டான்.

அப்புறம் யோசிச்சா, தப்பு பூரா என்னோடதுதான். மிளகாயோட காரம் தண்ணில சரியாக் கரையாது, எண்ணெயிலயும் சாராயத்துலயும்தான் கரையும். 1912ல ஸ்கோவில் மிளகாய்க் காரத்தை அளக்க வழி சொன்னப்பவே, முதல்ல சாராயத்துல ஊற வச்சுத்தான் காரத்தை உறிஞ்சி எடுத்தாரு. காரம் விதையில இல்ல, அந்த வெள்ளைச் சவ்வுலதான் இருக்கு. நான் ருசி பாத்தது டெக்கீலா ஊத்துறதுக்கு முன்னாடி. குடிக்காதவன் சரக்கு கலந்தா இப்படித்தான்.

இதுக்கு நடுவுல மிளகாய் நசுக்குன கையால கண்ணை வேற தேய்ச்சு, குழாயடியில கால் மணி நேரம் நின்னேன். கைக்கு முதல்ல எண்ணெய், அப்புறம் பாத்திரம் கழுவுற சோப்பு. வெறும் தண்ணில கழுவுனா போகவே போகாது.

சிரிச்சு முடிச்சு ரெண்டாவது தடவை ஆரம்பிச்சோம். எலுமிச்சம்பழத்தை நறுக்கிட்டு இருந்தப்ப அமிகோ, "மிளகாய் எங்க ஊர்லேந்து உங்களுக்கு வந்துச்சு, தெரியுமா?"ன்னான். தெரியும். போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி நமக்குக் காரம்னா மிளகுதான். புதுசா வந்த காய்க்கு மிளகு-காய்னு பேர் வச்சுச் சொந்தமாக்கிக்கிட்டோம். "எலுமிச்சை எங்க ஆசியப் பக்கத்துலேந்துதான் உங்களுக்கு வந்துச்சு, ஸ்பெயின்காரன் தூக்கிட்டு வந்தான். கணக்கு சரியாப் போச்சு"ன்னேன். அவங்க ஊர்ல மாங்காய்ல மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவித் திங்கறாங்களாம். மெரினாவுல நாம வேற என்ன திங்கறோம்?

அந்தக் கையோட டெக்கீலா மூடியைத் திறந்தேன். எலுமிச்சையும் சரக்கும் ஒண்ணா மூக்குல ஏறுச்சு. அப்படியே நின்னுட்டேன்.

எங்கப்பா குடிப்பார். தினம் ஒரு குவாட்டர், 180 மில்லி. பார்ல நின்னுக்கிட்டே, ஒரே மூச்சுல, தொட்டுக்க ஊறுகாய். வீட்டுக்கு வந்தா அப்படியே சாஞ்சுடுவார். தட்டுல போட்ட சோறு காயும். காலைல அம்மா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, உப்புப் போட்டு, ஒரு சொம்பு கொண்டாந்து பக்கத்துல வைப்பாங்க. திண்ணையில ராத்திரி சரக்கும் காலை எலுமிச்சையும் சேர்ந்து ஒரு வாசனை நிக்கும். அதைத் தாண்டித்தான் நான் ஸ்கூலுக்குப் போவேன். பத்தாவது படிக்கிறப்ப ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துட்டார்.

அமிகோவுக்கு இதெல்லாம் தெரியாது. மூடியை மூடிட்டு ரூமுக்குப் போயிடலாமான்னு தோணுச்சு. ஆனா அஞ்சு வருஷம் உழைச்சவன், கண்ணு செவந்து, கிளாசைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறான். அளந்தேன். நாலு மூடி. கோட்டுக்கு மேல ஒரு சொட்டு போகாம, லேப்ல அளக்குற மாதிரி அளந்தேன்.

அப்ப போன் அடிச்சுது. எங்களுக்கு வெள்ளி ராத்திரி ஏழரை, அங்க சனி காலைல ஆறு. அம்மா. வீடியோ. பின்னாடி பாட்டில் தெரியுது. மறைக்க நேரம் இல்ல.

"என்னடா அது?"

சொல்லிட்டேன். அவன் பாஸாயிட்டான்மா, அவனுக்குத்தான், நான் தொடல, நாலு மூடிதான், அளந்துதான் ஊத்துறேன்னு கடகடன்னு ஒப்பிச்சேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. காக்கா கத்துறது மட்டும் கேட்டுச்சு.

"அந்தப் பையன் சாப்ட்டானா?"

"இல்லம்மா, இனிமேதான்..."

"மொதல்ல அவனுக்குச் சோத்தப் போடு. வெறும் வயித்துல குடிக்க விட்றாத."

அவ்ளோதான். அடுத்து, உனக்குக் குளிருதா, துணி துவைச்சியான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்துச்சு. அமிகோ ரெண்டு தட்டு சாப்பிட்டான். அப்புறம்தான் கிளாசைக் கையில குடுத்தேன். ஒரு கிளாசை ஒரு மணி நேரம், ஐஸ் கரையக் கரைய, பேசிக்கிட்டே குடிச்சான். ஒரு கிளாசை அவ்வளவு நேரம் குடிக்க முடியும்னு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். எனக்கு அதே சாறு, அதே பாகு, ரெண்டு வில்லை மிளகாய், சோடா.

செய்யப் போறவங்களுக்குச் சுருக்கமா:

முதல்ல சாப்பாடு.

கிளாஸ் விளிம்புல எலுமிச்சையைத் தேய்ச்சு, பொடிச்ச கல்லுப்பும் மிளகாய்ப்பொடியும் கலந்த தட்டுல கவுத்து எடுங்க.

ஹாலபீனோ ரெண்டு வில்லை, சவ்வை எடுத்துட்டு, லேசா நசுக்குனா போதும். நாலு மூடி, ரெண்டு மூடி, ஒரு மூடி. ஐஸ் போட்டுப் பதினஞ்சு செகண்ட் குலுக்கி, ஊற விடாம உடனே வடிகட்டிடுங்க.

குடிக்காதவங்க நாலு மூடிக்குப் பதிலா சோடா ஊத்திக்கலாம். நல்லாத்தான் இருக்கு.

கண்ணை மட்டும் கசக்கிடாதீங்க :-)