பிழை செய்ய ஓர் இடம்



கணினியைப் பற்றிய கட்டுரை என்றதும் கடந்து சென்றுவிட வேண்டா. இது நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறது.

கம்போங் மேடானில் அடுக்குமாடி வீடுகளுக்கு அருகிலுள்ள மண்டபம் ஒன்றில், மாலை வேளைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு நடத்தி வருகிறோம். பிள்ளைகளின் பெயர், பயிலும் ஆண்டு, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவற்றை முன்பு நீளக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தோம். பின்னர் அவற்றைத் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றினோம். அதனைப் பார்க்கவும் திருத்தவும் உதவுவது பிஎச்பிமைஅட்மின் என்னும் கருவி. 1998-இல் தோன்றிய இக்கருவி இலவசமாகக் கிடைக்கிறது; இணைய உலாவியிலேயே திறக்கும். அதன் பொறுப்பை நான் ஏற்றேன். அரைகுறையாகக் கற்றவருக்கே உரிய துணிச்சல்!

ஒருநாள் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை, தம் கைப்பேசி எண் மாறிவிட்டதாகச் சொல்லியனுப்பினார். அவனுக்குரிய வரியை மட்டும் திறந்து திருத்தியிருந்தால் போதும். நானோ கட்டளையாக எழுதிப் பார்க்க விரும்பினேன். 'எண்ணை இவ்வாறு மாற்று' என்று எழுதினேன். 'எந்த மாணவனுக்கு' என்னும் நிபந்தனையை எழுத மறந்தேன். கணினி தான் கேட்டபடியே செய்தது. பட்டியலிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரே எண்! நான் அதைக் கவனியாமல் மூடிவிட்டேன்.

மறுநாள் மாலை, வகுப்பில் ஒரு சிறுமிக்குக் கடுங்காய்ச்சல் கண்டு வாந்தியும் எடுத்தாள். உடனிருந்த ஆசிரியை பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். எடுத்தவர் அந்த மாணவனின் தந்தை. கிள்ளான் துறைமுகத்திற்குக் கொள்கலன் லாரி ஓட்டிச் செல்பவர். "என் பையனுக்கு என்ன ஆச்சு?" என்று பதறியிருக்கிறார். பையன் நலமாக எதிரிலேயே அமர்ந்திருந்தான். அடுத்த எண்ணும் அதே எண், அதற்கடுத்ததும் அதே. கடைசியில் ஒரு மாணவி மாடிப்படியேறி ஓடி, சிறுமியின் பாட்டியை அழைத்து வந்தாள். அதற்குள் முக்கால் மணி நேரம் கடந்திருந்தது.

சிறுமி இரண்டு நாளில் தேறிவிட்டாள். ஆயினும் பாட்டி என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், "பரவாயில்ல டீச்சர்" என்று கூறிப் போனதுதான் இன்றும் உறுத்துகிறது. காப்புப்படி எடுத்து வைக்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை. பழைய படிவங்களைத் தேடியெடுத்து, இரண்டு மாலைகள் அமர்ந்து எல்லா எண்களையும் மீண்டும் பதிந்தேன்.

என் முன்னாள் மாணவன் ஒருவன் கணினித் துறையில் பணிபுரிகிறான். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "டீச்சர், உண்மையான பட்டியலில் ஏன் பழகுறீங்க? பழகுறதுக்குத் தனியா ஒன்னு வச்சுக்கலாமே" என்றான். என் மடிக்கணினியில் டோக்கர் என்னும் மென்பொருளை நிறுவிக் கொடுத்தான்.

கொள்கலன் என்னும் சொல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குப் புதிதன்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் நாள்தோறும் காண்கிறோம். 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பியதிலிருந்து அம்முறை பரவியது. உள்ளே எது இருந்தாலும் பெட்டியின் அளவு ஒன்றே; எந்த லாரியும் சுமக்கும், எந்தத் துறைமுகமும் இறக்கும். 2013-இல் வெளியான டோக்கரும் மென்பொருளை அவ்வாறே பெட்டியிலிட்டுத் தருகிறது. ஒரு மென்பொருளுக்கு வேண்டிய யாவும் அப்பெட்டிக்குள் இருக்கும். வேண்டாதபோது நீக்கினால் கணினியின் மற்றப் பகுதிகள் கெடுவதில்லை.

எனக்கு இரண்டு கொள்கலன்கள் தேவைப்பட்டன. ஒன்றில் மரியாடிபி என்னும் தரவுத்தளம், மற்றொன்றில் பிஎச்பிமைஅட்மின். முதல் நாள் கருவி தரவுத்தளத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை. நான் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கொள்கலனுக்கும் அச்சொல் தன்னையே குறிக்குமாம். பக்கத்து வீட்டாரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிய கதைதான்! இரண்டையும் ஒரே உள்வலையமைப்பில் சேர்த்து, தரவுத்தளக் கொள்கலனின் பெயரை முகவரியாகக் கொடுத்ததும் கதவு திறந்தது. கருவியின் வாயில் எண்ணை 127.0.0.1 என்னும் முகவரியோடு இணைத்துக்கொண்டேன். அவ்வாறு செய்தால் என் கணினியிலிருந்து மட்டுமே அதனைத் திறக்க முடியும்.

பிறகு கற்பனைப் பெயர்களைக் கொண்டு ஒரு வகுப்பை உருவாக்கினேன். உண்மையான பிள்ளைகளின் விவரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாகாது. அன்று செய்த அதே தவற்றை வேண்டுமென்றே செய்தேன். முழுப் பட்டியலையும் அழித்தேன். காப்புப்படியிலிருந்து மீட்டேன். மாற்றுவதற்கு முன், அதே நிபந்தனையோடு எத்தனை வரிகள் அகப்படுகின்றன என்று தேடிப் பார்க்கப் பழகினேன். ஒன்று என்று வந்தால்தான் கை மேலே செல்லும்.

எதிர்பாராத பாடமும் ஒன்று கிடைத்தது. பழைய லத்தீன் குறியேற்றத்தில் அட்டவணை அமைத்துத் தமிழில் எழுதிச் சேமித்தேன். ஒருமுறை பிழைச்செய்தி வந்தது; கண்டிப்பைத் தளர்த்தியபோது பெயர்கள் கேள்விக்குறிகளாயின. யூனிகோடு குறியேற்றத்தில் சரியாக நின்றன. 'கவிதா' என்பதில் எத்தனை எழுத்து என்று வினவினேன். ஐந்து என்றது! முதலாம் ஆண்டுப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடுவாள். விகாரத்தின் குறியையும் தாவின் துணைக்காலையும் கணினி தனித்தனியே எண்ணுகிறது. பெயருக்கு இடம் ஒதுக்கும்போது இதை எண்ணாவிட்டால் நீண்ட தமிழ்ப்பெயரின் வால் அறுபடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொள்கலனை நீக்கிப் புதியதை ஏற்றினால் பட்டியல் வெறுமையாகத் தொடங்கும். நிலைக்க வேண்டியதை 'வால்யூம்' என்னும் தனிச் சேமிப்பிடத்தில் வைக்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் முதன்முதலில் பாடம் நடத்தியது பிள்ளைகளுக்கு அன்று. சக பயிற்சி ஆசிரியர்களே மாணவர்களாக அமர்ந்திருந்தார்கள். தடுமாறினோம், மீண்டும் நடத்தினோம். அத்தடுமாற்றத்தால் எந்தப் பிள்ளையின் படிப்பும் கெடவில்லை. சிறு வகுப்புகளில் பேனாவுக்கு முன் பென்சிலைக் கொடுப்பதும் இதற்காகவே. இவ்வளவும் அறிந்த நான், என் முறை வந்தபோது நேரே பேனாவை எடுத்தேன். அதன் விலையை ஒரு சிறுமி முக்கால் மணி நேரம் காத்திருந்து கொடுத்தாள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களில் பிள்ளைகளின் விவரங்களைக் காப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்குமுன், அவர் அச்சமின்றிப் பிழை செய்ய ஓர் இடத்தையும் கொடுங்கள். பிள்ளைகளுக்கும் அவ்வாறே. அழிப்பானைக் கண்டு முகம் சுளிக்க வேண்டா.