கயிற்றின் மறுமுனையில் ஓடுகிறவர்



பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிட்டன. நீர்வேலியிலும் பின்னேரங்களில் மைதானப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. இந்த நேரத்தில் ஓர் ஓட்ட வீராங்கனையைப் பற்றி நம் ஊராக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ரக்‌ஷிதா ராஜு. இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், கோப்பித் தோட்டங்கள் நிறைந்த சிக்கமகளூர்ப் பகுதியில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்துவிட்டார். வளர்த்தது பாட்டி. அந்தப் பாட்டிக்குக் காதும் கேட்காது, பேசவும் வராது. பார்க்க முடியாத பேத்தியும் பேச முடியாத பாட்டியும் ஒரே வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள்? தொட்டுத் தொட்டுத்தான் பேசியிருக்க வேண்டும்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலையில் படிக்கும்போது உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான் அவரை ஓட்டத்தின் பக்கம் திருப்பினார். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய பரா விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம். 2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் மறுபடியும் அதே ஓட்டத்தில் தங்கம். 2024இல் பரிஸ் பராலிம்பிக்கிலும் ஓடினார். அங்கே இறுதிப் போட்டிக்குப் போகக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கிராமத்திலிருந்து பரிஸ் வரைக்குமான தூரத்தை அளக்க மீற்றர் காணாது.

பார்வை இல்லாமல் எப்படி ஓடுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ரக்‌ஷிதா ஓடுவது T11 என்ற பிரிவில். அதில் எல்லோரும் கண்ணைக் கறுப்புத் துணியாலோ கவசத்தாலோ மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவருக்கும் ஒன்றுமே தெரியாதவருக்கும் இடையில் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதற்காக. பக்கத்தில் பார்வையுள்ள வழிகாட்டி ஒருவர் ஓடுவார். இருவர் கையையும் ஒரு சிறிய கயிறு இணைக்கும். ரக்‌ஷிதாவோடு ஓடுகிறவர் ராகுல் பாலகிருஷ்ணா.

இதில் எங்களைப் பிடித்தது சட்டங்கள்தான். வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது. முடிவுக் கோட்டை வீராங்கனைதான் முதலில் தாண்ட வேண்டும். வழிகாட்டி முந்தினால் ஓட்டமே செல்லாது. வளைவு வருகிறது, பக்கத்தில் ஆள் வருகிறது என்று பேசிக்கொண்டே ஓட வேண்டியிருப்பதால், வழிகாட்டி வீராங்கனையை விட வேகமானவராக இருக்க வேண்டும். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு கடைசி அடியில் பின்னால் நிற்கவும் தெரிய வேண்டும்.

பனி நாடுகளிலும் இதே கதைதான். கனடாவின் பிரையன் மக்கீவருக்கு 19 வயதில் பார்வை மங்கத் தொடங்கியது. அவருடைய அண்ணன் ரொபின் 1998 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஓட்டத்தில் போட்டியிட்டவர். அந்த அண்ணன் வழிகாட்டியாக முன்னே சறுக்கிப் போக, தம்பி பின்னால் போனார். 2002 முதல் 2022 வரை ஆறு பராலிம்பிக்குகளில் பிரையன் எடுத்த தங்கம் மட்டும் 16. மலைச் சரிவில் இறங்கும் போட்டிகளில் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டியும் போவார்கள். அங்கே கயிறும் இல்லை. தலைக்கவசத்துக்குள் கேட்கும் வழிகாட்டியின் குரல்தான் துணை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பார்வை குறைந்த பிள்ளையை விளையாட்டுப் போட்டி நாளில் பந்தலுக்குள் கதிரை போட்டு இருத்திவிடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். கையில் ஒரு சோடாப் போத்தல், கைதட்டச் சொல்லி ஒரு வேலை. அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் கால் இருக்கிறது.

போன மாதம் எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனை ஓட வைத்துப் பார்த்தோம். வழிகாட்டி, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவனுடைய அண்ணன். கயிறு, ஒரு சப்பாத்து லேஸ். முதல் நாள் நடந்தார்கள். இரண்டாம் நாள் மெல்ல ஓடினார்கள். அண்ணன் பயத்தில் இழுத்துக்கொண்டே போனான். மூன்றாம் நாள் தம்பி கத்தினான்: "அண்ணா, இழுக்காதை, நான் வாறன்." அதற்குப் பிறகுதான் லேஸ் தளர்ந்தது, இருவருடைய காலும் ஒன்றாக விழுந்தது.

நாலாம் நாள் விழுந்தான். முழங்கால் உரைந்து செம்மண் ஒட்டியது. தாய் வந்து, "சேர், கையைக் காலை முறிச்சால் ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பார்வையுள்ள பிள்ளைகளும் அந்த மைதானத்தில்தான் விழுந்து எழும்புகிறார்கள் என்று சொன்னோம். மறுநாள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. போட்டி நாளில் ஓட விடுவாரா என்பது இன்னும் தெரியாது. சம்மதம் அவர் கையில்; வற்புறுத்த மாட்டோம்.

உங்களிடம் இரண்டு விடயங்கள் கேட்கிறோம்.

ஒன்று, ஆசிரிய கலாசாலையில் நாங்கள் படித்தது. பார்வையற்ற ஒருவருக்கு உதவும்போது அவருடைய கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடிக்கட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடவுங்கள். படி வந்தால் வாயால் சொல்லுங்கள். வேண்டாமென்றால் கையை விடும் உரிமை அவரிடம் இருக்கும்.

இரண்டு, பின்னேரங்களில் அரை மணித்தியாலம் ஓடக்கூடிய இளைஞர்களும் பெண் பிள்ளைகளும் தேவை. இப்படி வீட்டோடு இருக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஓடக்கூடிய அண்ணன் இல்லை. வேகமாக ஓடத் தெரிந்து, பிள்ளைக்குப் பின்னால் முடிக்கவும் மனமிருந்தால், இன்பொக்ஸில் பெயரைப் போடுங்கள். லேஸ் எங்களிடம் இருக்கிறது.