நெற்கட்டும்செவலில் கோட்டை எங்கே?

சனிக்கிழமை காலை பால்கோவா பொட்டலத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பிய கார், ராஜபாளையத்தில் மேலும் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு தென்காசி சாலையில் ஓடியது. வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வந்தது. சிவகிரி தாண்டினால் வாசுதேவநல்லூர். அங்கிருந்து சங்கரன்கோவில் பக்கம் திரும்பினால் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல்.

"கோட்டை எங்கேடா?" இறங்கியதும் முதல் கேள்வி இதுதான். இருப்பது அரசு கட்டிய நினைவு மாளிகையும் சிலையும். செஞ்சியைப் பார்த்தவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால், விஷயமே அதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கோட்டைகள் மண்ணால் ஆனவை. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சுவர் பிளந்து சரியும். இறுகிய மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். உடைந்த இடத்தை ராவோடு ராவாக மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தும் விடலாம்.

1755இல் கர்னல் ஹெரான் முற்றுகையிட்டு, 20,000 ரூபாயாவது கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பெயரவில்லை. 1761இல்தான் யூசுப்கான் இந்தக் கோட்டைகளைப் பிடித்தார். அவரையே 1764இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். மண் சுவர்கள் மழையில் கரைந்துபோயின.

பூலித்தேவர் என்ன ஆனார்? சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனவர் திரும்பவே இல்லை என்பது ஊர்ப்பேச்சு. அங்கே அவர் பெயரில் ஓர் அறை இருக்கிறது. நண்பர்கள் அவசரமாகக் கிளம்பினார்கள். மதியம் நடை சாத்திவிடுவார்களே!